வலம்

ஸ்கேன் படத்தில் கட்டி வெள்ளையாகத் தெரிந்தது. நெல்லிக்காய் அளவு.

வலப்பக்கம்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு டாக்டர் மறுபடி பார்த்தாள். வலப்பக்கமேதான்.

கீழே, மயக்கம் தெளிந்ததும் தெளியாததுமாக அந்த நாய் நாற்காலியைச் சுற்றிக்கொண்டிருந்தது.

தெரு நாய்தான். பெயர் மூஞ்சூறு. மருத்துவமனைக்கு வருகிற வழியில் இருக்கும் அரசமரத்துப் பிள்ளையாரை ஓயாமல் சுற்றிச் சுற்றி வந்ததால் தெருவே சேர்ந்து வைத்த பெயர்.

"இந்தக் காலத்துல மனுசனுக்கே பக்தி இல்ல. இது எப்படி வலம் வருது பாரு!"

மாலை போட்டார்கள். நெற்றியில் குங்குமம் வைத்தார்கள். செல்போனில் படம் பிடிக்காத ஆளில்லை.

அவளும் பிடித்தாள்.

அட, அவள் யார்! நாய்களுக்கு மூளையில் வரும் கட்டியை அறுத்தெடுத்துப் பிழைக்கவைக்க வழி தேடி, வருடக்கணக்காக மல்லுக்கட்டுகிறவள். கட்டி எந்தப் பக்கமோ, நாய் அந்தப் பக்கமாகவே சுற்றும் என்று மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லித்தருகிறவள்.

அவளிடம் வந்ததெல்லாம் முற்றிப்போன பிறகு வந்த நாய்கள். ஆரம்பத்திலேயே ஒன்று கிடைத்தால் பிழைக்கவைத்துக் காட்டுவேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறாள், பாவி.

நேற்று வலிப்பு வந்து கோயில் வாசலில் விழுந்த பிறகுதான், அதற்குத் தினமும் சோறு போடும் பூக்காரி கன்னியம்மா அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். வியாபாரத்தை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தாள்.

கட்டி இவ்வளவு வளர்ந்த பிறகு, இனி அந்த இடத்தில் கத்தி வைக்க முடியாது.

இதை எப்படிச் சொல்வது?

மூஞ்சூறு நாற்காலியை விட்டு நகர்ந்து வந்தது. இப்போது அவளைச் சுற்ற ஆரம்பித்தது.

அறை வாசலில் நின்றிருந்த கன்னியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பாத்தீங்களா, உங்களையே சாமியாக்கிடுச்சி! நீங்க கத்தி வச்சா சரியாப்பூடும் டாக்டரம்மா, உங்க கைராசி எனக்குத் தெரியாதா? நீங்களும்தான் அன்னிக்கி இது பின்னாடியே மூணு சுத்து வந்தீங்களே. அப்படி என்னாதான் வேண்டிக்கினீங்க?"

டாக்டர் குனிந்து நாயின் தலையில் கை வைத்தாள். அது நிற்கவில்லை. கைக்குக் கீழேயே நழுவி நடந்தது.

அன்று வேண்டிக்கொண்டது ஒரு வார்த்தை பிசகாமல் நினைவில் இருந்தது.

பிள்ளையாரப்பா, கட்டி சின்னதாக இருக்கும்போதே ஒரு நாயை என் கண்ணில் காட்டு.