பத்ரி கண்டெடுத்த தங்கம்

மண்டபத்தில் எல்லாரையும்விட பலமாகக் கைதட்டியவள் திரிபுரசுந்தரிதான். மேடையில் பொன்னாடையும் மாலையுமாக நின்றவர் பேராசிரியர் பத்ரி, அவளை விவாகரத்து செய்த மாஜி புருஷன்.

பக்கத்தில் இருந்த தோழி ஜெயஸ்ரீக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உனக்கு ரோஷமே கிடையாதாடி? புக்லெட்டைப் பார்த்தியா? அவர் வாசிக்கப்போறது மொத்தமும் உன் டேட்டா! உன் லேப் கம்ப்யூட்டர்லேர்ந்து சுட்டுட்டார்."

"தெரியும். கைதட்டு."

இது முதல் திருட்டும் அல்ல. அவளுடைய ஐந்து வருட ஆராய்ச்சியைத் தன் பெயரில் அச்சேற்றிவிட்டு, கையோடு அவளையும் கழற்றிவிட்ட மகானுபாவர் அவர். பல்கலைக்கழகத்தில் புகார் கொடுத்தபோது, "ஆதாரம் இருக்காம்மா?" என்று ஒரே கேள்வியில் அனுப்பிவிட்டார்கள். அந்தக் கேள்வியை அவள் இன்னும் மறக்கவில்லை.

தாம்பரம் ஜி.எஸ்.டி. ரோட்டில் கல்யாணத்துக்கு விடும் ஏ.சி. மண்டபம் அது. இன்று நிலவியல் கருத்தரங்கு. முன்வரிசையில் சுரங்கக் கம்பெனி முதலாளி முனிரத்தினம். பத்ரியைத் தன் கம்பெனிக்கு ஆலோசகராக இன்று அறிவிக்கப்போகிறார். அவருக்கும் புரியட்டும் என்று பத்ரி எளிமையாகவே ஆரம்பித்தார்.

"தங்கத்துல துளியூண்டு ஈயம் கலந்திருக்கும். அந்த ஈயத்தோட ஐசோடோப்புகளை அளந்தா, தங்கம் எந்தக் காலத்துல, எந்தப் பாறையில பொறந்ததுன்னு கணக்குப் போட்டுடலாம். நான் கண்டுபிடிச்ச தங்கத்துக்கு வயசு இருநூத்தைம்பது கோடி வருஷம்! அதுவும் 91.6 பர்சென்ட் தங்கம். எவ்வளவு சுத்தம் பாருங்க!"

கைதட்டல் ஓய்ந்ததும் சுந்தரி எழுந்து மைக்கை வாங்கினாள். பத்ரியின் முகம் கறுத்தது. அழுது ஆர்ப்பாட்டம் பண்ணப்போகிறாள் என்று நினைத்திருப்பார்.

"இந்த சாம்பிளை நீங்களே எடுத்தீங்களா, சார்?"

"பின்னே? கிருஷ்ணகிரி பக்கத்து மலையில நானே சுத்தியலால உடைச்சு எடுத்தேன்."

"வேற யாராவது கொடுத்ததா இருக்குமோ?"

"பேப்பர்லயே எழுதி, கையெழுத்தும் போட்டிருக்கேன். வேணும்னா படிச்சுப் பாருங்க!"

அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். கைப்பையிலிருந்து சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்து, நேராக முனிரத்தினத்திடம் போய் நீட்டினாள்.

"அவர் வாசிச்சது என் லேப்ல நான் எடுத்த ரிசல்ட், சார். சோதனைக்கு ஒரு ஓரத்தைத்தான் வெட்டினேன். மிச்சம் இதுல இருக்கு, திறந்து பாருங்க."

முனிரத்தினம் திறந்தார். உள்ளே இருந்ததைப் பார்த்தார். பிறகு மேடையைப் பார்த்தார். பத்ரி அங்கிருந்தே எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது?"

சுந்தரி மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"இவர் எனக்குக் கட்டின தாலி."