நூலில் ஊற்றிய வாரம்

சாப்பாட்டு மேசையில் நான்கு டம்ளர்களைத் தள்ளித் தள்ளி வைத்து, இவைதான் மைசூர், ஹூப்ளி, கோவா, மும்பை என்றார் சண்முகராசன். பூ கட்டும் நூலால் அவற்றை இணைத்தார், அது ரயில். ஒரு சொம்புத் தண்ணீர்தான் விடுமுறை வாரம். எந்த ஊருக்கும் குறை வைக்காமல் சமமாக ஊற்றினார்.

பார்த்துக்கொண்டிருந்த மனைவி இந்திராணி, எல்லாத் தண்ணீரையும் சொம்பிலேயே திரும்பக் கொட்டினாள். எந்த ஊரை முதலில் நிரப்புவாள் என்று அவர் ஆவலோடு காத்திருந்தார். அவளோ டம்ளர்களை விட்டுவிட்டு நூலின் மேல் ஊற்றினாள்.

“ஏய், அது ரயிலு!”

“தெரியும். ஊர்ல எறங்கினா நீங்க போனை எடுத்துடுவீங்க. போன வருஷம் ரயிலு குகைக்குள்ள போனப்ப சிக்னல் போச்சே, அப்பதான் என்னைப் பாத்து, ‘நீ எப்ப கண்ணாடி போட்டே’ன்னு கேட்டீங்க.”

தண்ணீர் நூலோடு ஓடி மேசை விளிம்பில் சொட்டியது. துணி எடுக்க எழுந்தவர் அவள் முகத்தைப் பார்த்து நின்றார். இப்போது அவள் போட்டிருந்தது வேறு கண்ணாடி. எப்போது மாற்றினாள் என்று கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. சொம்பை வாங்கி, மிச்சத்தையும் நூலின் மேலேயே ஊற்றினார்.