கந்தகக் கை

"அத்தே, அந்தக் கந்தகக் கையோட பிள்ளையத் தொடாதீக!"

பட்டாசுக் கம்பெனி வேனில் வந்து இறங்கி, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்த கையை மாடத்தி பின்னால் இழுத்துக்கொண்டாள். மருமகள் எழில், எட்டு நாள் மகனுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள்.

"தொடலத்தா. தொப்புள்ல வாடையடிக்குது. சுத்திச் செவந்துமிருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போவமா?"

"பிள்ள செவப்பா இருந்தா அதுவும் குத்தமா?" எழில் சிரித்தாள். "வாடையாம்ல! இருபது வருசமா பட்டாசு மருந்த மோந்த மூக்கு. போன வாரம் குழம்பு தீஞ்சு தெருவே ஓடியாந்துச்சு. நீங்க அடுப்புப் பக்கத்துலயே உக்காந்து வெத்தல போட்டுக்கிட்டிருந்தீக."

"இது அடிக்குதுத்தா."

எழில் பத்தாவது படித்தவள். அச்சகத்தில் வேலை பார்க்கும் கணவன் கதிரவன், கட்டிங் கோணிப்போனதென்று கழித்துப்போட்ட குழந்தை வளர்ப்புப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து தந்திருந்தான். அதை விரித்தாள்.

"கேளுங்க. 'தொப்புள்கொடியில் சாம்பல், மஞ்சள், எண்ணெய் எதையும் தடவக் கூடாது. தானாகக் காய்ந்து விழுந்துவிடும்.' பெறகென்ன?"

"அதுக்கு மேல என்ன போட்டிருக்கு?"

"அதுக்கு மேல பின்னட்டைதான். வாசிக்கத் தெரியாட்டியும் கேள்விக்கு மட்டும் கொறச்சலில்ல!"

மாடத்தி அதன்பின் தொட்டில் பக்கம் வரவில்லை. வாசற்படியில் நின்றே மூக்கை உறிஞ்சிப் பார்த்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் குழந்தை பால் குடிக்கவில்லை. உடம்பு கொதித்தது. ஆமத்தூரிலிருந்து விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார் டாக்டர். மறுநாள் குழந்தை இறந்துபோனது.

"பெறந்த அன்னைக்கு ஒரே ஒருக்க, நீ தூங்கயில தொட்டுட்டேன் தாயி," மாடத்தி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "இந்தக் கந்தகக் கைதான் என் பேரனக் கொன்னுபோட்டுச்சு."

எழில் மறுத்துப் பேசவில்லை.

ஒரு மாதம் கழித்து, புத்தகத்தை அடுப்பில் போட எடுத்தபோதுதான் கவனித்தாள். கடைசி இரண்டு தாள்கள் ஓரம் வெட்டுப்படாமல், ஒரே தாள்போல் சேர்ந்திருந்தன. கொண்டை ஊசியால் கீறிப் பிரித்தாள்.

'தொப்புளில் நாற்றம் வந்தாலோ, சுற்றிலும் சிவந்தாலோ, அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.'

மாடத்தி இப்போதும் தெருவில் யார் பிள்ளையையும் தொடுவதில்லை. அந்தப் பக்கத்தை எழில் இன்னும் அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை.