தடிச்ச ஒயில்

மூன்று மணி வெயிலில் வான் வண்டியின் பின்கதவுக்குக் கீழே ஐஸ் உருகிச் சொட்டுகிறது. நாலு மணிக்குச் சோதனைச்சாவடியை மூடிவிடுவார்கள். குச்சவெளியிலிருந்து மூத்ததம்பி ஏற்றிவந்த மீன் அதற்குள் தாண்டியாக வேண்டும். வானோ ஏற்றத்தில் இழுக்க மறுத்து இந்தக் கராச்சில் நிற்கிறது. மெக்கானிக் ஸெய்னுதீன் பழைய ஒயிலை வடித்துவிட்டு, கழற்றிய பெருவிரலளவு ஒயில் வால்வை வெளிச்சத்தில் பிடிக்கிறார். அதன் சின்ன வலை கறுத்து அடைத்திருக்கிறது. “மீன்பிடிக்கிற போட் எஞ்சினுக்கு ஊத்துற தடிச்ச ஒயிலையா இதுக்கும் ஊத்தினீங்க?” “ஓம், ஸெய்னுதீன் நானா. எஞ்சின் தேயாது எண்டுதான்.” “இது புது மாதிரி எஞ்சின், அண்ணன். ஓட்டத்துக்குத் தக்கமாதிரி எஞ்சின் வால்வு திறக்கிற நேரத்தை முந்தியும் பிந்தியும் மாத்தும். அதாலதான் மெல்லப் போனாலும் இழுக்கும், விரட்டினாலும் இழுக்கும், பெற்றோலும் குறையக் குடிக்கும். அதை மாத்துறதே ஒயில்தான். பாகு மாதிரி இருந்தா இந்த வலைக்குள்ளால எப்பிடிப் போகும்?” ஐஸ் சொட்டும் சத்தம் விரைவாகிறது. ஸெய்னுதீன் வலையைப் பெற்றோலில் கழுவி, ஊதி, வால்வைத் திரும்பப் பூட்டிவிட்டு அலுமாரியைத் திறக்கிறார். லொறிகளுக்குப் பாதை பூட்டி இரண்டு மாதம். ஒயில் லொறி வரவில்லை. உள்ளே ஒரேயொரு ஒயில் கான் நிற்கிறது. அதே தடிச்ச போட் ஒயில். மூத்ததம்பியின் முகத்தைப் பார்க்காமலே அதை எஞ்சினுக்குள் கவிழ்க்கிறார். அது மெல்ல, மிக மெல்ல இறங்குகிறது.