மூன்றாவது பம்பு

மூன்றாவது பம்பும் போய்விட்டது.

பாலாவி உப்பளத்து வரம்பில் மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் கையை மண்ணில் ஊன்றியபடி செத்துக் கிடந்தது. ஏழு நாளில் வரம்பு கட்டி முடிக்காவிட்டால் வேலை வேறு ஆளுக்கு. மெசின் சொந்தக்காரன் கில்பட்டுக்குத் தலை வெடித்தது.

மெக்கானிக் நெய்னார் ஹைட்ரோலிக் எண்ணெயைப் போத்தலில் பிடித்து வெயிலுக்கு நேரே காட்டினார். பால் தேத்தண்ணி நிறம்.

"தண்ணி கலந்திரிக்கி, கில்பட். இப்பிடியே ஓடினா நாலாவது பம்பும் போகும்."

"நாலு மாசமா ஒரு துளி மழை இல்ல நானா. தண்ணி எங்கால வந்தது?"

கில்பட் திரும்பி டிலக்சனைப் பார்த்தான். வன்னியிலிருந்து வந்த குடும்பம். ஐந்து வருடமாக இந்த மெசினை ஓட்டுகிறவன்.

"மெசின் கழுவேக்க எண்ணெய்த் தாங்கி மூடியைத் திறந்து வச்சனியா?"

டிலக்சன் கையைத் துணியில் துடைத்தான். "ஒரு பைபாஸ் பில்டர் போடுவம் அண்ணை."

"நான் என்ன கேக்கிறன், நீ என்ன சொல்லுறாய்?"

"அவன் சொல்றது சரிதான்" என்றார் நெய்னார். "இப்ப இரிக்கிற பில்டர் பெரிய தூளைத்தான் பிடிக்கும். பைபாஸ் பில்டர், பக்கத்தால கொஞ்சம் கொஞ்சமா எண்ணெய எடுத்து, பொடி அழுக்கையும் தண்ணியையும் உறிஞ்சிட்டுத் திருப்பி விடும்."

"மூடியை மூடத் தெரியாதவனுக்குப் பில்டர் ஒரு கேடா?"

டிலக்சன் 'நான் இல்லை' என்றும் சொல்லவில்லை. அதில்தான் கில்பட்டுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"வாயைத் திறவன்டா! தண்ணி எப்பிடி வந்தது?"

"தெரியாது அண்ணை."

"அப்ப மெசின் திறப்பைத் தா. நாளைக்கு வரவேண்டாம்."

டிலக்சன் திறப்பைக் கொடுத்தான். நாலடி போய்த் திரும்பினான்.

"ஆர் ஓடினாலும் அந்தப் பில்டரை மட்டும் போட்டிடுங்கோ."

"போடா!"

மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடி, "டிலக்சனை நிப்பாட்டிட்டன்" என்றான் மனைவியிடம்.

மக்தலேனா கறிக் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"ஐயோ! அப்ப செவ்வாய்க்குச் செவ்வாய் எனக்கு ஆர் மூடியைத் திறந்து தாறது?"

"எந்த மூடி?"

"எண்ணெய்த் தாங்கி மூடிதான். அந்தோனியார் கோயில் தீர்த்தம் ஒரு கிளாஸ் ஊத்திறனான். போன வருசம் இறால் குளத்துக்க மெசின் பிரண்டு அந்தப் பிள்ளை டிலக்சன் செத்துப் பிழைச்சதில இருந்து."

"அவன் ஒண்டும் சொல்லலையா?"

"முதல்நாள் மட்டும், மேலால தெளிச்சாக் காணும்தானே அக்கா எண்டான். உள்ளுக்க ஓடினாத்தான் உனக்குக் காவல் எண்டு நான் அழுதிட்டன். பிறகு அவனே திறந்து பிடிப்பான். அண்ணையிட்டச் சொல்லாதேங்கோ, உங்களைப் பேசுவார் எண்டவன். ஏன், என்ன நடந்தது?"

"ஒண்டுமில்ல."

கில்பட் கையைக் கழுவிவிட்டு வாசலுக்குப் போய் நெய்னாரைப் போனில் அழைத்தான்.

"நானா, டிலக்சனைத் திரும்பி வரச் சொல்லுங்க. திறப்பைக் கொண்டு வாறன். அந்தப் பில்டர்... எவ்வளவு தண்ணி தாங்கும்?"

"எவ்வளவு கலக்குது எண்டு தெரிஞ்சாத்தானே சொல்லலாம்?"

கில்பட் அடுப்படிப் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"கிழமைக்கு ஒரு கிளாஸ்."