தொட்டி மேட்டில் கால் ஊன்றாமல்

புதிதாக வாங்கிய கார்பன் சைக்கிளை இரண்டு விரலால் தூக்கினேன். இதில் பெருமை ஒன்றுமில்லை. கடைக்காரர் ஒரே விரலால்தான் எடுத்துக் கொடுத்தார்.

என் மனைவி மட்டும் மசியவில்லை. "எழுபது வயசுல இது தேவையா? தண்ணித் தொட்டி மேட்டுல எங்கயாவது கால் ஊனினீங்க, அடுத்த நாளே வித்துடணும்."

"ஊன மாட்டேன்" என்றேன்.

மறுநாள் காலை நான் மிதிக்க, அவள் சாட்சிக்கு ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தாள். சைக்கிள் சொன்ன பேச்சைக் கேட்டது. ரோட்டில் இருந்த ஒவ்வொரு கல்லும் கைப்பிடியில் அதிர்ந்தது. பாதி மேட்டில் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

"ஊனிடுங்க, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று ஆசை காட்டினாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். சற்று நேரத்தில் அதிர்வு நின்றுபோனது. அங்கிருந்து புதிதாகத் தார் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

உச்சியில் பிரேக்கைப் பிடித்தேன். சைக்கிள் நின்றது, சாயவில்லை. அவளும் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து, என் டயர்களுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். கையை விட்டுத் துழாவியும் பார்த்தாள்.

"சரி, ஜெயிச்சிட்டீங்க. விக்கச் சொல்ல மாட்டேன். இப்ப காலை ஊனுங்க."

"அதைத்தான் ரொம்ப நேரமா பண்ணப் பார்க்கிறேன், தரை எட்டல" என்றேன்.

அதற்குள் அவளுடைய ஹெல்மெட் என் பாதத்துக்கு நேராக வந்துவிட்டது. அவள் சட்டென்று எட்டி என் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை. அவளுடைய குதிகால்களும் மெல்ல எழும்பின.