பூட்டைப் பற்றிச் சில கேள்விகள்

அவள் மணியடிக்கக் கை நீட்டும்போதே கதவு திறந்தது. கனத்த பையோடு வெளியே வந்தவர், பள்ளிச் சீருடையில் நின்றவளை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னம்மா வேணும்?"

அவள் வணிகவியல் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"பரீட்சைக்குச் சந்தை ஆய்வு பண்றேன், அங்கிள். பூட்டைப் பத்திச் சில கேள்வி."

"சீக்கிரம் கேளு."

"எந்தப் பூட்டு வாங்கணும்னு உங்க வீட்டுல யார் முடிவெடுப்பாங்க?"

"நான்தான்."

"இந்தப் பூட்டு திருப்தியா இருக்கா?"

அவர் குனிந்து கதவுப் பூட்டைப் பார்த்தார். "சும்மா பேருக்குத்தான். யார் வேணா திறந்துடலாம்."

அவள் அதைப் புத்தக ஓரத்தில் குறித்துக்கொண்டாள். "உள்ள வேற யாராவது இருக்காங்களா? அவங்க கருத்தும் வேணும்."

"சம்சாரம் இருக்கா. தூங்குறா. எழுப்ப முடியாது."

அவருக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த குடும்பப் படத்தை அவள் ஒரு தடவை பார்த்தாள். நன்றி சொல்லிவிட்டு, ஓடாமல் படியிறங்கினாள்.

கீழ்வீட்டுக் கதவைத் தட்டியபோதுதான் குரல் உடைந்தது.

"அக்கா, போலீஸைக் கூப்பிடுங்க. எங்க வீட்டுக்குள்ளேர்ந்து எவனோ ஒருத்தன் வர்றான். அம்மா தூங்குறாங்கன்னு சொல்றான். அம்மா பகல்ல தூங்கவே மாட்டாங்கக்கா."